நாலு போல்ட்டு, இருபது நிமிட வேலை

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். பதினோராவது சோதனை ஓட்டம். வெளிவட்டச் சாலையில், நெமிலிச்சேரியைத் தாண்டித் தெற்கு நோக்கி, உன் அம்பாசடர் எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது உன் மனைவி ஸ்டெல்லா. பக்கத்தில் லேப்டாப்போடு நான். தரையில், கியர்பாக்ஸுக்கு நேர் மேலே, ஆபீசில் கேட்டு வாங்கிவந்த அதிர்வு சென்சாரை ஒட்டியிருந்தேன். திரையில் ஒரே ஒரு கோடு மட்டும் முள் மாதிரி நிமிர்ந்து நின்றது. வினாடிக்கு எண்பத்தொன்பது உதறல்.

அந்த உதறலை உனக்குத் தெரியும். அறுபத்தைந்தில் தொடையில் ஆரம்பிக்கும். எழுபதில் பல்லுக்கு வரும். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் சாலை கலங்கிப்போகும். கூடவே ஒரு ரீங்காரம், நிற்காது. "மாதா கோயில் மணி அடிச்சு ஓஞ்சப்புறம் காதுல நிக்குமே மாமே, அது" என்பாய். மணி என்றால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டு நான் சிரிப்பேன். நீயும் சிரிப்பாய். எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சிரித்தாய் என்பது இன்று காலை பத்து மணிக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. இப்போது எழுதுவதும் துக்கத்தில் அல்ல. சண்டை போட ஆள் வேண்டும், நீ இல்லை, அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தைச் சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த வாரம் ஸ்டெல்லா வேளாங்கண்ணிக்குப் போகிறாள். உன் அம்மா, உன் மகள், அவள். பஸ் வேண்டாம், ரயில் வேண்டாம், உன் வண்டியில், தானே ஓட்டிக்கொண்டு. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நான் வேண்டாம் என்றேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டவள்தானே. போன மாதம் சென்னீர்குப்பம் பக்கம் ஹைவேயில் ஒரு லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்துத் துரத்தியிருக்கிறது. பயத்தில் எழுபத்தைந்துக்குப் போயிருக்கிறாள். வண்டி மொத்தமும் நடுங்கியதாம். அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்தாள். "அண்ணா, அவர் இருந்தவரைக்கும் இது இப்படி ஆடினதே இல்ல" என்றாள்.

ஆடியது. நீ அவளை அந்த வேகத்துக்குப் போகவே விடவில்லை, அவ்வளவுதான்.

வேகமானியின் கண்ணாடி மேல், அறுபதுக்கு நேராக, சிவப்பாக ஒரு கோடு இருக்கிறது. அவளுடைய நகப்பூச்சு. இன்று காலை முதல் ஓட்டத்தில் முள் அந்தக் கோட்டைத் தொட்டதும் ஸ்டெல்லா காலை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். பாப்பா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் நீ போட்ட கோடாம் அது. "இனிமே நம்ம மூணு பேருக்கும் இதான் லிமிட்டு" என்றாயாம். அவள் அதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை, ஆனால் ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கண்ணீர் விட நேரமில்லை, சாலையில் வண்டி பெருகுவதற்குள் முடிக்க வேண்டும். "தாண்டு" என்றேன். தாண்டினாள்.

முதல் நாலு ஓட்டம் சக்கரத்துக்கு. முன்னது பின்னால், பின்னது முன்னால், ஸ்டெப்னி ஒன்றை மாற்றி மாட்டி, எல்லாம் பார்த்தோம். உதறல் அசையவில்லை. எழுபத்திரண்டில் சக்கரம் வினாடிக்குப் பத்து சுற்றுகூடச் சுற்றாது. எண்பத்தொன்பதுக்கும் அதற்கும் உறவில்லை. அடுத்தது இன்ஜின். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். டாப் கியரில் இன்ஜினும், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும், வினாடிக்கு நாற்பத்து நாலரை. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும். இரண்டால் பெருக்கினால் எண்பத்தொன்பது. ஆக இன்ஜின்தான் என்று எந்த மெக்கானிக்கும் எழுதிக் கொடுப்பான். திருடனும் போலீசும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. பிரிக்க ஒரு வழி உண்டு. அதை நான் காலேஜில் படிக்கவில்லை. அதை நீ செய்து பார்த்திருக்கிறேன். முன் சீட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் குந்திக்கொண்டு, உள்ளங்கையைத் தகரத்தில் வைத்து, ஓட்டுகிற என்னைப் பார்த்துச் சொல்வாய்: "இன்ஜின வாய மூடச் சொல்லு மாமே. அப்பால யாரு பேசறான்னு கேளு."

பதினோராவது ஓட்டத்தில் அதைத்தான் செய்தேன். "நியூட்ரல் போடு" என்றேன்.

"இந்த வேகத்துலயா?"

"பின்னாடி யாரும் இல்ல. போடு."

போட்டாள். இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கி முனகலானது. வண்டி உருண்டது. எண்பத்தொன்பது அப்படியே நின்றது, பிறகு வண்டி வேகம் குறையக் குறைய அதோடு சேர்ந்து இறங்கியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "இன்ஜின் அடங்கிடுச்சு. இது அடங்கலயே அண்ணா."

கணக்கு தெரியாமல் அவள் சொன்னது சரி. இன்ஜின் இல்லை. ஷாஃப்ட். ஒரு சுற்றுக்கு ஒரு முறை உதறினால் ஷாஃப்ட் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு முறை உதறினால் அதன் முனைகளில் இருக்கும் ஜாயிண்ட். இது இரண்டு முறை.

ஏழரைக்குச் சேக்காட்டில் உன் வீட்டுக்குத் திரும்பினோம். அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனாள். பூசை முடிந்து அப்படியே அம்பத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வருவதாகச் சொன்னாள். நான் உன் ஷெட்டில் வண்டியைத் தூக்கி நாலு ஸ்டாண்டில் நிறுத்தி, நீ படுக்கிற அதே ஃபிரிட்ஜ் அட்டையை விரித்துக் கீழே போனேன்.

முதலில் பார்த்தது கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்கும் ரப்பர். நாம் மாட்டியது அது அல்ல. இது தடித்த, மெத்தென்ற கறுப்பு ரப்பர், லாரியில் வருவது, பிளேடால் அறுத்து அளவாக்கியது. யாரோ உதறல் சீட்டுக்கு வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கார்ப்பெட்டுக்குக் கீழேயும் தார்த் தாள் ஒட்டியிருந்தது. சரி, உன் வேலை. அப்புறம் ஷாஃப்ட்டைப் பார்த்தேன். பின்பக்கம் அதைப் பிடித்திருக்கும் வட்டத் தகட்டில், ஃபிளாஞ்சில், நாலு போல்ட்டு. நாலிலும் மஞ்சள் கோடு, போல்ட் தலையிலிருந்து ஃபிளாஞ்சு வரை, ஒரு முடி அளவு விலகாமல். மஞ்சள் என்றால் நான். வெள்ளை என்றால் நீ.

அந்த வழக்கத்தை நான்தான் ஆபீசிலிருந்து கொண்டுவந்தேன். முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு நேராக இருந்தால் போல்ட் தளரவில்லை, யார் முறுக்கியது என்பதும் தெரியும். ஏன் கொண்டுவந்தேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு பழைய ஜீப்புக்கு முன்சக்கரம் மாட்டினாய். ஒரு நட்டைக் கையால் திருகியதோடு விட்டுவிட்டாய். நான் பார்த்துவிட்டேன். ஜீப்காரர் நின்றுகொண்டிருந்தார், கல்யாணமாகி இரண்டு மாதமான ஸ்டெல்லா டீ எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். உன் கையில ஸ்பேனர் குடுத்ததே தப்பு என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீ நட்டை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு டீயை வாங்கி முதலில் எனக்கு நீட்டினாய். அடுத்த ஞாயிறு நான் இரண்டு பேனாவோடு வந்தேன். சுவரில் சாக்பீஸால் எழுதினேன்: ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் அவரைக் கூப்பிடாமல் உடைக்கக்கூடாது. நீ அதை எழுத்துக்கூட்டுவது போல மெல்லப் படித்துவிட்டு, "ஃபேக்டரி ஊட்டுக்கே வந்துட்ச்சுடா" என்றாய். அதோடு சரி. அதற்கப்புறம் என் கோடு ஒன்றை நீ உடைத்து நான் பார்த்ததில்லை.

டார்ச்சை முன்பக்கம் நகர்த்தினேன். ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றின் பல் வெட்டிய முனை இன்னொன்றுக்குள் நுழைந்து முன்னும் பின்னும் வழுக்கும். இரண்டிலும் ஒவ்வொரு அம்புக்குறி செதுக்கியிருக்கும். மாட்டும்போது அம்பும் அம்பும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் ஒரு ஜாயிண்ட் உதறுவதை இன்னொரு ஜாயிண்ட் விழுங்கும். ஒரு பல் தள்ளிப்போனாலும் இரண்டும் சேர்ந்துகொண்டு உதறும், சுற்றுக்கு இரண்டு முறை. முதல் வருடப் பையனுக்குத் தெரிகிற பாடம். இங்கே ஒரு பல் தள்ளியிருந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், அம்பு இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு பெயிண்டைச் சுரண்டியிருந்தது. சுரண்டிய இரண்டு இடத்திலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி. உன் வெள்ளை.

அட்டை மேல் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று பார்க்கவில்லை. முதுகு மரத்துப்போகிற அளவுக்கு. ஷாஃப்ட்டை மாட்டியது நான். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜூன். அழகாக இருக்க வேண்டும் என்று நான்தான் அதற்கு பிரைமரும் கறுப்பும் அடித்தேன். அம்பு பெயிண்டுக்குள் போய்விட்டது. நீ பக்கத்தில் உட்கார்ந்து, "அம்பு ஒண்ணு இருக்குமே, எங்க கீது?" என்று கேட்டாய். இரண்டு துண்டையும் எடுத்த நிலையிலேயே வைத்திருக்கிறேன், அம்பு தேவையில்லை என்றேன். வைத்திருக்கவில்லை. பெயிண்ட் காய்வதற்குத் தொங்கவிடும்போது ஒன்று சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நான் நினைவிலிருந்து மாட்டினேன், நினைவு சரியென்று நம்பினேன், நாலு மஞ்சள் கோடு இழுத்தேன், ஆபீஸ் போன் வந்தது, போய்விட்டேன்.

ஆக நீ ஒரு நாள் கீழே படுத்துச் சுரண்டிப் பார்த்திருக்கிறாய். கண்டுபிடித்திருக்கிறாய். பதினோரு ஓட்டம், ஒரு சென்சார், ஒரு லேப்டாப் எல்லாம் வைத்து நான் இன்று கண்டுபிடித்ததை உள்ளங்கையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாய். புள்ளி வைத்தாய். பிறகு என்ன செய்தாய்? எழுந்து கைகால் கழுவினாயா? சாப்பிடப் போனாயா? நாலு போல்ட்டுடா. இருபது நிமிட வேலை. கழற்று, ஒரு பல் திருப்பு, மாட்டு. அதைச் செய்யாமல் லாரி ரப்பரை அறுத்திருக்கிறாய்.

புரியாமல் ஷாஃப்ட்டைக் கழற்றாமலேயே பைக்கை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குக் கபூர் பாயிடம் போனேன். ஷாஃப்ட், கிராஸ், பேரிங் எதுவானாலும் நீயும் நானும் போகும் கடை. வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும். அவர் லேத்தில் எதையோ கடைந்துகொண்டிருந்தார். ரப்பரின் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். தான் அறுத்துக் கொடுத்ததுதான் என்றார். எப்போது என்றால், உனக்குப் பாப்பா பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். எதற்கென்று கேட்கவில்லையா என்றேன்.

"கேக்காம இருப்பேனா? 'நம்ம ஆளு மாட்னது, ஒரு பல்லு தள்ளிகீது பாய். சொன்னா ஒரு வாரம் தூங்கமாட்டான்'ன்னான்."

அவர் லேத்தை நிறுத்திவிட்டு மேலே சொன்னார். அப்படியென்றால் நீயே கழற்றி மாட்டிவிடேன், அவனுக்குத் தெரியவா போகிறது என்று அவர் கேட்டாராம். அதற்கு நீ, "மஞ்சக் கோடு கீதே பாய்" என்றாயாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதல் வேலையாகப் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து டார்ச் அடித்துக் கோட்டைத்தான் பார்ப்பான், உடைந்திருந்தால் ஏன் என்பான், சொல்ல வேண்டிவரும் என்றாயாம். பொய்யாகப் புதிதாக மஞ்சள் இழுக்க உனக்கு மனசு வரவில்லையாம். அறுபதுக்குள் ஓட்டினால் வண்டியும் ஒன்றும் சொல்லாது, அவனும் ஒன்றும் சொல்லமாட்டான் என்று சிரித்தாயாம்.

நீங்களாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பாய் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"உங்கிட்டயா? போன தபா ஒரு பேரிங் டைட்டா கீதுன்னு சொன்னதுக்கு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தியே நைனா. கஸ்டமர் நாலு பேர் நின்னுகினு இருந்தாங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

கேலியாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு டீயும் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பாயிடமிருந்து வந்ததும் ஷாஃப்ட்டைக் கீழே இறக்கினேன். என் கோட்டை நானே உடைத்தேன். முன்பக்க ஜாயிண்டுக்குள் இருக்கும் சிலுவைத் துண்டின், கிராஸின், மூடியைத் தட்டியதும் உள்ளிருந்து செங்கல் பொடி மாதிரித் துரு கொட்டியது. ஊசி பேரிங்கில் பாதி ஊசி இல்லை. மூன்று வருஷமாக ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு அடி வாங்கியது, வேறெப்படி இருக்கும்? இது எண்பதில் உடைந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷாஃப்ட்டின் முன்முனை கீழே விழும், தார்ச்சாலையில் குத்தும், வண்டி பின்னாலிருந்து கம்பு ஊன்றித் தாண்டுவது போல எழும்பும். பின் சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? உன் அம்மா. உன் மகள்.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று உன் பெண்டாட்டி பிள்ளையை அது மேல் உட்காரவைத்தாய். என் மூஞ்சி சுருங்கக்கூடாது என்று. யார் கேட்டார்கள் உன்னிடம் அந்தப் பெரிய மனசை? நீ இருக்கும்வரை அறுபதைத் தாண்டவிட மாட்டாய், வாரம் ஒருமுறை கீழே படுத்துப் பார்ப்பாய், எல்லாம் உன் கைக்குள் இருந்தது, சரி. நீ இல்லாமல் போனால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? ஆகஸ்டில் நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் நீ இல்லை. அதில் யார் மேலும் கோபப்பட எனக்கு வழியில்லை. டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அதை வைத்து நான் கவிதை எழுதப்போவதும் இல்லை. ஆனால் அந்த நாலு நாளில் இரண்டு நாள் நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ தெளிவாகப் பேசினாய். கேன்டீன் சட்னியைத் திட்டினாய். நர்ஸுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருவதாகச் சொன்னாய். ஷாஃப்ட் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லப் பார்த்தாய் என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுதாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. இரண்டு முறை. முதல் முறை, ஒரு ஞாயிறு, நான் ஸ்பார்க் பிளக் பார்த்துக்கொண்டிருந்தபோது: "மாமே, ஒரு தபா அந்த ஷாஃப்ட்டாண்ட..." என்றாய். நான் தலையைத் தூக்காமலே, அது நான் மாட்டியது, நீ டயரைப் பார் என்றேன். நீ டயரைப் பார்த்தாய். உண்மையிலேயே எழுந்துபோய், நாலு டயரிலும் காற்று பார்த்தாய். இரண்டாவது முறை போனில். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டெஸ்ட் ரூமில் இருந்தேன், பின்னால் மெஷின் சத்தம். "அறுவத்தஞ்சில உதறுது மச்சான். நீ ஒரு தபா கீழ படுத்து..." அவ்வளவுதான் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று நீ எனக்குச் சொல்லித்தராதே, வேகம், கியர், உதறும் இடம் எல்லாம் எழுதி அனுப்பு, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீ எழுதி அனுப்பவில்லை. எழுதுகிற ஆளில்லை நீ என்று தெரிந்துதான் கேட்டேன்.

மூன்றாவது முறை சொல்லியிருக்கணும். கத்தியிருக்கணும். என் சட்டையைப் பிடித்து அட்டை மேல் தள்ளி, டார்ச்சை என் மூஞ்சியில் அடித்து, பாருடா நாயே, உன் லட்சணத்தை என்று காட்டியிருக்கணும். நான் ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். பேசாமல் இருந்தால் என்ன? ஒரு மாதம் கழித்து வந்திருப்பேன். எங்கே போகப்போகிறேன்? ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? அதுகூட உனக்குத் தெரியாதா?

இல்லை, தெரிந்திருக்கும். என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நான் ஒரு வாரம் தூங்கமாட்டேன் என்று சொன்னாயே, அது சரி. ஜீப் நட்டுக்காக உன்னை அவ்வளவு பேசியவன், தான் அதைவிடப் பெரிய தப்பைச் செய்தான் என்று தெரிந்தால் இந்த ஷெட்டுக்குள் எந்த முகத்தோடு வருவான் என்று நீ யோசித்திருப்பாய். வரமாட்டான் என்று முடிவு கட்டியிருப்பாய். அதில்தான் நீ தப்பு செய்தாய். அல்லது சரியாகத்தான் கணித்தாயா? எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

உன் குரல் எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. சிரிப்பு இருக்கிறது, திட்டுவது இருக்கிறது. ஆனால் இன்று காலையிலிருந்து காதில் நிற்பது அந்த இரண்டு வாக்கியத்தின் பாதிகள்தான். "ஷாஃப்ட்டாண்ட..." "கீழ படுத்து..." மீதியை நான்தான் வெட்டினேன். அந்த மீதியை எங்கே போய்த் தேடுவது? ரோட்டில் போகும்போதும் பல் துலக்கும்போதும் இனி நான் முடித்து முடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதைத்தான் எனக்கு விட்டுப்போயிருக்கிறாய். வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கோபம் போகவில்லை. போகும்போது சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது:

1. நாளை லீவு. காலையில் ஷாஃப்ட்டைப் பாயிடம் கொண்டுபோய் இரண்டு கிராஸும் புதிதாக மாற்றுவேன். அவர் என்ன சொன்னாலும் குறுக்கே பேசமாட்டேன். நேற்றைய டீக்கு ஸாரி சொல்வேன்; அவர் கடைக்குப் போகும்போது இன்று என்பது நேற்றாகியிருக்கும்.

2. அம்புக்கு அம்பு நேராக மாட்டுவேன். மாட்டியதும் பாயைக் கூட்டிவந்து கீழே படுக்கவைத்துப் பார்க்கச் சொல்வேன். அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குவேன்.

3. லாரி ரப்பரைக் கழற்றிவிட்டு ஒரிஜினல் போடுவேன். உதறல் இருந்தால் உட்காருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

4. அடுத்த ஞாயிறு பாப்பாவும் உன் அம்மாவும் இல்லாமல், குத்தம்பாக்கம் வரை போய்த் திரும்பி வருவோம். எண்பது வரை. ஒரு சின்ன நடுக்கம் இருந்தாலும் வேளாங்கண்ணிக்கு ரயில் டிக்கெட்.

5. ஆபீசில் என் எதிர் பெஞ்சில் இருக்கும் கலைவாணி என்னைவிட எட்டு வருஷம் சீனியர். போன மாதம் என் ரிப்போர்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவர் அப்புறம் வரவில்லை. என்னவென்று போய்க் கேட்பேன். அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

6. ஸ்டெல்லாவிடம் சொல்வேன். "ஷாஃப்ட்டை மாட்டியது நான், தப்பு என்னுடையது, அவருக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை" என்பேன். அறுபது எதற்காக என்பதையும் சொல்வேன். பாப்பாவுக்காகவும் இருந்திருக்கலாம், எனக்காகவும் இருந்திருக்கலாம், எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்பேன். மழுப்பமாட்டேன். உன்னைப் பற்றி அவளிடம் மிச்சமிருக்கும் ஒன்றிலிருந்து நான் ஒரு துண்டை எடுக்கிறேன் என்று தெரிந்தே சொல்வேன். இனி இந்த ஷெட்டுக்கு வராதே என்று அவள் சொன்னால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவேன். ஆனால் வண்டி சரியாகும்வரை போகமாட்டேன், அதையும் சொல்வேன். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆறாவதாக எழுதியிருக்கிறேன் பார், அதுவும் என் புத்திதான். கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. பாப்பா ஓடிவருகிறாள். எழுந்து போகிறேன்.